நிபுணர் சாட்சிக்கு யார் பணம் கட்டுவது?

மே 11, 2024, ஹூஸ்டன்

கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு முடிந்ததும் தற்காப்புச் சட்டக் காப்பீட்டு விளம்பரத்தாள் ஒன்றைக் கையில் திணித்தார்கள். தற்காப்புக்காக ஒருவரைச் சுட்டு வழக்கில் மாட்டிக்கொண்டால் அந்தச் செலவை ஏற்கும் காப்பீடு. வக்கீல், ஜாமீன் எல்லாம் கொட்டை எழுத்தில். நிபுணர் சாட்சிச் செலவு மட்டும் அடியில், பொடி எழுத்தில். மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வீட்டுக்கும் காருக்கும் கட்டுறது போதாதா?" என்றாள். போதாது. வீட்டுக் காப்பீடு பொதுவாகக் கிரிமினல் வழக்குச் செலவை ஏற்காது.

மே 14

அந்தப் பொடி எழுத்து விடவில்லை. தற்காப்புக்காகவே சுட்டேன் என்று சொன்ன ஜார்ஜ் சிம்மர்மன் மீது 2013 ஜூலையில் ஃபுளோரிடாவில் நடந்த கொலை வழக்கு விசாரணையைத் தேடிப் படித்தேன். இறந்த டிரேவான் மார்ட்டினுக்கு 17 வயது. சிம்மர்மனை விடுவித்த தீர்ப்பைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது வின்சென்ட் டி மாயோவின் சாட்சியம். சிம்மர்மன் தரப்பு அழைத்த தடயவியல் மருத்துவர் அவர். துப்பாக்கி முனை சட்டையைத் தொட்டிருக்கிறது, ஆனால் உடலிலிருந்து 2 முதல் 4 அங்குலம் தள்ளி இருந்திருக்கிறது. சட்டை அப்படித் தொங்க வேண்டுமென்றால் சுடப்பட்டவர் மேலிருந்து குனிந்திருக்க வேண்டும் என்றார். காயத்தைச் சுற்றிய வெடிமருந்துப் புள்ளிகளிலிருந்து அவ்வளவையும் வாசித்தார். எந்த வக்கீலாலும் இதைத் தானே சொல்லிவிட முடியாது.

அரசுத் தரப்புக்கு மருத்துவரும் ஆய்வகமும் அரசுச் செலவிலேயே உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்தான் ஆளைத் தேடி, மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்துக் கூட்டி வர வேண்டும்.

மே 19

தெரிந்த கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் திட்டத்தைக் காட்டினேன். உச்சவரம்புத் தொகையை அவர் பார்க்கவே இல்லை. "பணம் எப்போ வரும்? ஆளை யார் தேர்ந்தெடுப்பாங்க?" இவ்வளவுதான் கேட்டார். சில திட்டங்கள் விடுதலையான பிறகே செலவைத் திருப்பித் தரும். நிபுணருக்கோ ஆரம்பத்திலேயே முன்பணம் வேண்டும். ஜெயித்தால் தருகிறேன் என்று அவரிடம் பேரமும் பேச முடியாது; முடிவைப் பொறுத்துச் சாட்சிக்குக் கூலி கொடுப்பது வக்கீல்களின் நடத்தை விதிப்படி தவறு.

அப்புறம் அவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றியதே இல்லை. நல்ல நிபுணர் சில சமயம் "உங்கள் கதை காயத்தோடு பொருந்தவில்லை" என்று சொல்லிவிடுவார். அவரைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள், ஆனால் பில் வரும். ஏறினாலும் எல்லாவற்றையும் பேச விடுவார்கள் என்பதில்லை. விஸ்கான்சினின் கெனோஷாவில் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்ன கைல் ரிட்டன்ஹவுஸின் 2021 வழக்கில், அவர் தரப்பின் பலப்பிரயோக நிபுணர் எதைப் பற்றிப் பேசலாம் என்று நீதிபதியே எல்லை போட்டார்.

மே 30

இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வுல்லோ வழக்குத் தீர்ப்பு. மரியா வுல்லோ நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணித்த முன்னாள் அதிகாரி; வழக்குப் போட்டது துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் தேசிய ரைஃபிள் சங்கம். சங்கத்துக்கு ஆதரவாக ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக. தெரிந்தவர்கள் சிலர் இந்தக் காப்பீட்டுக்கே பச்சைக்கொடி காட்டியதுபோலக் கொண்டாடுகிறார்கள். அப்படி இல்லை. வுல்லோ காப்பீட்டு நிறுவனங்களை மிரட்டிச் சங்கத்தின் பேச்சுரிமையை ஒடுக்கினார் என்ற புகாரை விசாரிக்கலாம் என்பதுதான் தீர்ப்பு. அந்தச் சங்கத்தின் பெயரில் விற்ற இதே வகைக் காப்பீடான 'கேரி கார்ட்' திட்டம் நியூயார்க் சட்டத்தை மீறியது என்று 2018-இல் காப்பீட்டுத் தரகு நிறுவனமான லாக்டன் 70 லட்சம் டாலரும் காப்பீட்டு நிறுவனமான சப் (Chubb) 13 லட்சமும் அபராதம் கட்டியது அப்படியே நிற்கிறது. வேண்டுமென்றே செய்த செயலுக்குக் காப்பீடு விற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். டெக்சாஸில் வாங்கி வைத்துக்கொண்டு நியூயார்க்கில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனால் என்ன கதி? அங்கே டெக்சாஸ் லைசென்ஸே செல்லாது, அதனால் துப்பாக்கி இங்கேயே இருக்கும்.

ஜூன் 2

ஒரு நிறுவனத்திடம் மூன்று கேள்வி அனுப்பியிருந்தேன்: நிபுணருக்கு முன்பணம் உண்டா, என் வக்கீல் சொல்லும் ஆளை ஏற்பீர்களா, கூண்டேறாத நிபுணரின் பில்லையும் கட்டுவீர்களா. முதலிரண்டுக்கு 'ஆம்' என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு, "ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது." பாலிசி ஆவணத்தை முழுசாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அது கைக்கு வரும்வரை கார்டு எண் கொடுக்கப் போவதில்லை.