நின்று எடுத்த படமும் காலின் கோணமும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் கால் நேராக அமைந்திருக்கிறதா என்பதை, இடுப்பு முதல் கணுக்கால் வரை முழுவதும் தெரியும்படி நோயாளியை நிற்கவைத்து எடுத்த நீள எக்ஸ்ரேயில் அளப்பதையே நான் நம்புகிறேன். முழங்காலை மட்டும் காட்டும் சிறிய படத்தில் எலும்புத் தண்டுகளின் நடுக்கோடுகளைத்தான் அளக்க முடியும். உடல் எடை இறங்கும் கோட்டிலிருந்து தொடை எலும்பின் தண்டு பொதுவாக 5 முதல் 7 டிகிரி விலகியிருக்கும். அந்த விலகலை ஊகித்தே கணக்கிட வேண்டும் என்பதால், தொடை எலும்பு வளைந்தவர்களிடம் கணக்கு தவறிவிடுகிறது.

நீளப் படத்தில் தொடை எலும்புத் தலையின் மையத்திலிருந்து முழங்காலின் நடுவுக்கும், அங்கிருந்து கணுக்காலின் நடுவுக்கும் கோடு வரைகிறோம். இரண்டும் ஒரே நேர்கோடானால் 180 டிகிரி. கோடு வரைவது எளிது, கணினியே வரைந்துவிடும். கடினமானது நோயாளியை நிறுத்துவதுதான். பாதம் முன்னோக்கி இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் முன்னோக்க வேண்டியது முழங்கால் சில்லு. முழங்கால் முழுதும் நீண்டிருந்தால் கால் சற்றுத் திரும்பினாலும் கோணம் அதிகம் மாறாது. ஆனால் முழங்கால் மடங்கியிருக்கும்போது கால் வெளிப்புறமாகத் திரும்பினால், நேரான கால்கூட வில்போல் வளைந்ததாகத் தெரியும். அறுவை முடிந்த சில நாட்களில், வலியும் வீக்கமும் உள்ள நிலையில், பலரால் முழங்காலை நீட்டவே முடிவதில்லை. அப்போது எடுத்த படத்தின் கோணத்தைக் கொண்டு அறுவையின் தரத்தை எடைபோடுவது, முறையாகச் செய்த மருத்துவருக்கும் கவலையோடு காத்திருக்கும் நோயாளிக்கும் இழைக்கும் அநீதி.

அறுவைக்குப் பின் கால் நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குள் இருந்தால்தான் சரி என்ற எல்லையும் விவாதத்துக்குரியதே. 1991இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், உடல் எடை இறங்கும் கோடு செயற்கை மூட்டின் நடுவிலுள்ள மூன்றில் ஒரு பகுதி வழியே சென்றவர்களில் 3 சதவீதத்தினருக்கும், விலகியவர்களில் 24 சதவீதத்தினருக்கும் மூட்டு தளர்ந்தது. 2010இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 398 முழங்கால்களை ஆராய்ந்தபோது, 15 ஆண்டுகளுக்குப் பிறகும் 3 டிகிரி எல்லைக்குள் இருந்தவை வெளியே இருந்தவற்றைவிடக் கூடுதலாக நிலைக்கவில்லை. 2012இல் பெல்ஜியத்தின் பெல்லமன்ஸ் குழு, முழங்கால் நோயில்லாத ஆண்களில் 32 சதவீதத்தினருக்கு இயல்பிலேயே 3 டிகிரியோ அதற்கு மேலோ வெளிவளைவு (கால் வில்போல் வளைந்திருப்பது) இருப்பதைக் காட்டியது.

ஆகவே அறுவைக்கு முன்பும், முழங்கால் நன்றாக நீளத் தொடங்கிய பின்பும் ஒரே முறையில் நீளப் படம் எடுத்து, முழங்கால் எவ்வளவு நீண்டிருந்தது, சில்லு எத்திசை நோக்கியிருந்தது என்பதையும் கோணத்தோடு சேர்த்து அறிக்கையில் எழுத வேண்டுமென எங்கள் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.