நாங்கள் 38 பேர்

என் சம்பளம் 14,000. அதில் பையனின் காப்பகத்துக்கு மாதம் 5,500 போய்க்கொண்டிருந்தது. மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது வந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும்; தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். எங்கள் கம்பெனியில் 38 பேர். சரி, விடுங்கள்.

இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் சேர்த்தேன். காசே கிடையாது. சுடச்சுடச் சாப்பாடு, வாரம் மூன்று முட்டை. வீட்டில் முட்டையைத் துப்புகிறவன் அங்கே இன்னொன்று கேட்கிறானாம்!

ஆனால் சாயங்காலத்துக்கு முன்பே கூட்டி வந்துவிட வேண்டும். எனக்கு வேலை முடிவது ஆறரைக்கு. அதுவரை மாமியார்தான், முழங்கால் வலியோடு. ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் உண்டு. எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. மனு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கலெக்டர் ஆபீஸ் போகிறேன், பையனையும் தூக்கிக்கொண்டு.