5-ஆம் எண் சட்டை: ஒரு கடைசி சீசனின் நாட்குறிப்பு

ஏப்ரல் 7, 2022, செயின்ட் லூயிஸ்

2011 முடிவில் பேஸ்பால் வீரர் ஆல்பர்ட் பூஹோல்ஸ் எங்கள் ஊர் அணியான கார்டினல்ஸை விட்டு ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனபோது, அவருடைய 5-ஆம் எண் சட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். அவ்வளவு கோபம். இப்போது அவர் கார்டினல்ஸுக்கே திரும்பிவிட்டார், இன்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டு புஷ் மைதானத்துக்குப் போனேன். மகளும் வந்தாள். அவர் போன மறு வருடம் பிறந்தவள், அவளுக்கு அவர் வெறும் பெயர்தான்.

பூஹோல்ஸுக்கு வயது 42, கையில் 679 ஹோம் ரன் (பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிப்பது). 700-க்கு இன்னும் 21 வேண்டும். இந்த ஆண்டு கார்டினல்ஸ் ஆடும் நேஷனல் லீக்கிலும் டெசிக்னேட்டட் ஹிட்டர் விதி வந்துவிட்டதால், ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிக்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. சீசன் முடிந்ததும் ஓய்வு என்று சொல்லிவிட்டார். மகளுக்கு ஸ்கோர் கார்டு எழுதக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

மே 15

ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக 15-2 என முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்து வீச வந்தவர் பூஹோல்ஸ்! 22 சீசனில் இதுதான் முதல் தடவை. இரண்டு ஹோம் ரன், நாலு ரன் கொடுத்தார். இருந்தாலும் 15-6 என ஜெயித்தோம். மகள் சிரித்துச் சிரித்துப் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள்.

ஜூலை 18

இந்த சீசனில் இதுவரை 6 ஹோம் ரன்தான். 700-ஐ எட்ட மாட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன், எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இன்று டாட்ஜர் மைதானத்தில் நடந்த ஹோம் ரன் டெர்பி என்ற ஹோம் ரன் அடிக்கும் போட்டியில், முதல் இடத்தில் வைக்கப்பட்டிருந்த கைல் ஷ்வார்பரைத் தோற்கடித்தார்! அடுத்த சுற்றில் ஹுவான் சோட்டோவிடம் தோற்றார். நடுவில் ஆல்-ஸ்டார் வீரர்கள் எல்லாரும் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் பலர் சிறு பையன்களாக அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

ஆகஸ்ட் 22

என்ன நடக்கிறது இங்கே? 14-ஆம் தேதியிலிருந்து இன்று வரை 6 ஹோம் ரன். அதில் ஒன்று, மாற்று பேட்டராக வந்து அடித்த கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸிலும் ஆள் இருக்கையில் அடித்து நாலு ரன் தரும் ஹோம் ரன். இன்று சிகாகோவில் 1-0 என ஜெயித்தோம், அந்த ஒரே ரன் இவருடைய 693-வது ஹோம் ரன். இடக்கை பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) வீசும் நாளில்தான் இவரைப் பெரும்பாலும் இறக்குகிறார்கள். அந்தப் பந்துகளை இன்னமும் முன்கூட்டியே படித்துவிடுகிறார்.

செப்டம்பர் 23

வெள்ளிக்கிழமை என்பதால் மகளைத் தூங்கச் சொல்லவில்லை. மறுபடி டாட்ஜர் மைதானம். மூன்றாவது இன்னிங்ஸில் ஆண்ட்ரூ ஹீனியின் பந்து லெஃப்ட் ஃபீல்டைத் தாண்டியது: 699. சரி, இன்றைக்கு இது போதும் என்று தண்ணீர் குடிக்க எழுந்தேன். "உக்காருங்கப்பா, அடுத்த இன்னிங்ஸ்லயே வருவார்" என்றாள் மகள். அப்படியே வந்தார். ஃபில் பிக்ஃபர்ட் வலக்கைக்காரர். வலக்கை பிட்சர்களிடம் இவருக்கு இனி வேலை இல்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். பந்து போன வேகத்தில் நான் கத்தியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். 700! மேஜர் லீக்கில் இதை எட்டியவர்கள் நாலே பேர்: பாண்ட்ஸ், ஏரன், ரூத், அப்புறம் இவர்.

ஓடி முடித்ததும் நேராக ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் போய், வலைக்கு அந்தப் பக்கம் நின்ற முன்னாள் வீரர் ஏட்ரியன் பெல்ட்ரேயின் கையில் கை வைத்தார். இருவருமே டொமினிகன் மண்ணின் பிள்ளைகள். அதற்குள் என் கண் நிறைந்துவிட்டது.

அக்டோபர் 2

உள்ளூரில் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம். 702. அவரும், அவருடைய பழைய அணித் தோழர்கள் மொலினாவும் வெய்ன்ரைட்டும் ஒன்றாகக் களத்தை விட்டு வெளியேறினார்கள். நின்றுகொண்டே இருந்தோம்.

அக்டோபர் 8

மொத்தம் 703. நேற்று பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஃபிலீஸ் அணி 6 ரன் அடித்து ஆட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். இன்று 0-2, சீசன் முடிந்தது.

எட்டாவது இன்னிங்ஸில் பூஹோல்ஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸில் நின்றார். அவருக்குப் பதிலாக ஓட ஓர் இளைஞன் வந்தான். கூட்டம் முழுக்க எழுந்து கைதட்டிக்கொண்டிருக்கையில், மகள் சிங்கிளை எழுதினாள். அப்புறம், ஆள் மாறும்போது போட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்த நேர்கோட்டை அந்தக் கட்டத்தின் ஓரத்தில் மெதுவாகப் போட்டாள்.