பாட்டுப் போட ஓர் ஆள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், மட்டக்களப்பு நகரில் திருமண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் வயர் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். சில மாதங்கள் என்று நினைத்துப் போனவன் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டேன். தாலி கட்டும் கணத்தில் ஏதாவது ஒரு மாமாவின் முதுகு கமராவை மறைத்துக்கொண்டு நிற்கும் என்பதையும், அதை எதிர்பார்த்து இரண்டாவது கமராவை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அந்த ஆண்டுகளில் கற்றேன். ஆனால் நான் செய்ய விரும்பியது பாடல் காணொளி. அதற்கு வழி கேட்டு யாரிடம் போனாலும், “தம்பி, செய்த வேலை ஏதும் இருந்தாக் காட்டுங்க” என்றே சொன்னார்கள். சாமத்திய வீட்டு (பூப்புச் சடங்கு) வீடியோவைக் காட்டினால் மரியாதையாகச் சிரித்தார்கள்.

காட்டுவதற்கென்றே ஒன்றைச் செய்தேன். நண்பன் ஒருவன் ஒரு திரைப்படப் பாடலைப் பாட, கல்லடிக் கடற்கரையில் இரண்டு காலைப் பொழுதுகளில் படமாக்கினோம். யூடியூபில் ஏற்றிய அன்றே உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. குரலும் வாத்தியமும் எங்களுடையவையாக இருந்தாலும் மெட்டும் வரிகளும் வேறொருவருடைய சொத்து என்பது அப்போதுதான் உறைத்தது. காணொளியை நீக்கவில்லை, விளம்பர வருமானம் வந்தால் அது உரிமையாளருக்குப் போகும் என்று அறிவித்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு சதமும் வரும் நிலை இருக்கவில்லை என்பதால் இழப்பும் இல்லை. ஆயினும், மாதிரிக்கு ஒன்று செய்யப் போகிறவர்கள், கொஞ்சம் சுமாராக இருந்தாலும், உள்ளூர்ப் பாடகர் ஒருவருடைய சொந்தப் பாட்டை எடுத்துச் செய்வதே நல்லது என்பேன். அந்தக் காணொளியைப் பரப்புவதற்கு உங்களைப் போலவே அவரும் நாலு பேரிடம் போவார்.

எனக்கு வழி கிடைத்தது வேறு விதமாக. வெளிநாட்டில் வாழும் எங்களூர்ப் பாடகர் ஒருவருக்காகக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் ஸ்டூடியோவில் கேட்டது கமராக்காரரையோ லைட் பிடிப்பவரையோ அல்ல. படப்பிடிப்பில் பாடகர் வாயசைப்பதற்காகப் பதிவான பாட்டைப் போட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். கமராவைத் தொட முடியாத, பெயரும் போடாத வேலை என்பதால் மற்றவர்கள் தயங்கினார்கள். நான் போனேன்.

பாட்டுப் போடுவது என்றால் பட்டனை அழுத்துவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். முதல் நாள் இரவு அந்தக் குழுவின் எடிட்டர் அண்ணா என்னை உட்காரவைத்து, பாட்டை வரி வரியாக வெட்டி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தாளத்துக்கு ஏற்ப மூன்று ‘பீப்’ ஒலிகளைச் சேர்க்கச் சொன்னார். அதன் பிறகு முழுப் பாட்டையும் இரு மடங்கு வேகத்தில் இன்னொரு கோப்பாக எடுக்கச் சொன்னார். நொடிக்கு 50 பிரேம்களில், அதாவது 50 தனிப் படங்களாக, படமாக்கி 25 பிரேம்களில் ஓட்டும்போது அசைவு பாதி வேகத்துக்கு இறங்கும். உதடு மட்டும் உண்மையான பாட்டோடு பொருந்த வேண்டுமானால், பாடகர் படப்பிடிப்பில் இரு மடங்கு வேகத்தில் பாடியாக வேண்டும். அலை மெதுவாக எழ, தலைமுடி மெதுவாகப் பறக்க, வாய் மட்டும் சரியாகப் பாடுகின்ற காட்சிகள் இப்படித்தான் பிறக்கின்றன என்று தெரிந்தபோது, நான்கு ஆண்டுகள் இதே தொழிலில் இருந்தும் ஒன்றும் அறியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

படப்பிடிப்பு, மட்டக்களப்பு வாவி கடலில் சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்துப் பக்கம் நடந்தது. பாடகர் தோணியில், ஏறக்குறைய 70 மீற்றர் தள்ளி. கமராவும் என் ஒலிபெருக்கியும் கரையில். காலை முழுவதும் எடுத்ததை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மடிகணினியில் போட்டுப் பார்த்தபோது, தோணிக் காட்சிகள் எல்லாவற்றிலும் உதடு பின்தங்கியிருந்தது. பாடகர் தாளம் தவறுகிறார் என்று இயக்குநர் சலித்துக்கொண்டார். எனக்கோ, கோயில் திருவிழாவின்போது கல்லடிப் பாலத்தில் நின்று வாணவேடிக்கை பார்க்கும் நினைவு வந்தது. வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகு வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீற்றர் போகிறது என்றால் 70 மீற்றருக்கு 0.2 நொடி, அதாவது நொடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் 5 பிரேம்கள். கரையிலிருந்து போன பாட்டு அவ்வளவு தாமதித்துத்தான் அவருடைய காதை அடைந்தது. கமராவின் மைக்கோ பக்கத்திலிருந்த ஒலிபெருக்கியை உடனே பதிந்துகொண்டது, அந்த ஒலியை வைத்தே காட்சியைப் பாட்டோடு பொருத்தியிருந்தோம். தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னேன்.

ஒலிபெருக்கியைத் தோணியில் ஏற்றலாம் என்று முடிவாயிற்று. பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தோணிக்காரர், “பொட்டியக் கவனமா வைங்க மனே, தோணி சரிஞ்சா நான் பொட்டியப் புடிக்கிறதா, பாடுறவரப் புடிக்கிறதா?” என்று கேட்டார். தோணியில் வைத்தாலும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. இப்போது பாடகருக்குப் பாட்டு நேரே கேட்டது, ஆனால் கரையிலிருந்த கமராவுக்குத் தாமதமாகக் கேட்டது. கமராவில் பதிந்த ஒலியை வைத்துப் பொருத்தினால் அதே 5 பிரேம் பிழை மறுபக்கமாக வரும். ஆகவே மூன்றாவது ‘பீப்’புக்குப் பாடகர் தலைக்கு மேல் கைதட்ட வேண்டும் என்றும், தொகுக்கும்போது காதை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்துப் பொருத்த வேண்டும் என்றும் எடிட்டர் அண்ணா வழி சொன்னார். பின்னேரம் கச்சான் காற்று எழும் முன் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து முடித்தோம்.

அன்று மாலை எடிட்டர் அண்ணா என்னுடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் அந்தக் குழு கிழக்குக்கு வந்த போதெல்லாம் பாட்டுப் போட என்னையே கூப்பிட்டது. மூன்றாவது தடவை தொகுப்பு வேலையில் ஒரு பகுதியும் கிடைத்தது. அதிலும் ஓர் அடி விழுந்தது: கமராவில் நொடிக்கு 50 பிரேம், தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் 24 என்று வைத்திருந்ததைக் கவனிக்காமல் மெதுவசைவுக் காட்சிகளை அடுக்கிவிட்டேன். 4 நொடி வரி 4.17 நொடியாக நீண்டு, வரி முடிவதற்குள் உதடு 4 பிரேம்கள் பின்னால் நின்றது. வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம்தான். ஆனால் 25 பிரேம்களுக்கு ஒன்று விழுந்து, வாவித் தண்ணீர் விக்கல் எடுத்ததுபோல் துள்ளும். டைம்லைனை 25க்கு மாற்றி இரண்டு இரவுகள் திரும்ப அடுக்கினேன். நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 25 பிரேமில் எடுக்கும்போது மின்குமிழ் துடிப்பும் குறைவாகவே தொந்தரவு தருகிறது. இப்போது 24ஐக் கேட்பவர்களிடம் காரணம் கேட்கிறேன்.

தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை அம்பாறை மாவட்டத்துப் பாடகர் ஒருவருக்கு. 60,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தேன். தோணி எண்ணெய், எட்டுப் பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு, ஹார்ட் டிஸ்க் ஆகிய மூன்றையும் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். எல்லாம் போக என் கையில் மிஞ்சியது 4,000. அடுத்த வேலையில் கணக்குச் சரியாக இருந்தது, காசுதான் வரவில்லை. முழுக் கோப்பையும் கொடுத்த பிறகு மீதிப் பணத்தைக் கேட்டால் அந்தப் பக்கத்தில் தொலைபேசி எடுபடவில்லை. அதற்குப் பின் பாதிப் பணம் முன்கூட்டியே, எஞ்சியது இறுதிக் கோப்பு கைமாறும் முன், திருத்தம் இரண்டு தடவை மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். உறவுக்காரராக இருந்தால் கூடுதல் கவனத்தோடு வாங்குகிறேன். ட்ரோன் செலவைத் தனி வரியாகப் போடுவதும் பட்டறிவுதான். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் பறப்புக்கே தடை விழுந்திருந்தது. தடை நீங்கிய பிறகும், அனுமதி கைக்கு வரும்வரை நான் படப்பிடிப்பு நாளை உறுதிசெய்வதில்லை.

வருகிறவர்கள் எல்லோருக்கும் 1924இல் திறந்த அந்தப் பழைய கல்லடி இரும்புப் பாலம் வேண்டும், வாவியில் சூரிய உதயம் வேண்டும். பாட்டில் பாலமும் இல்லை, உதயமும் இல்லை என்று சொல்லிப் பார்ப்பேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

திருமண வேலையை இன்னும் விடவில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் வெளிப்புறப் படப்பிடிப்பு பெரும்பாலும் நடக்காது, வீட்டு வாடகையோ நடக்கிறது. இந்த வாரம் பாடகர் ஒருவர் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் பச்சை வயலுக்கு நடுவே மெதுவசைவில் நடந்துவர வேண்டும் என்றும், தனக்கு மாசிக் கடைசியில்தான் விடுமுறை என்றும் எழுதியிருந்தார். பெரும்போக (மழைக்கால நெல்) அறுவடை நடக்கும் அந்த நாள்களில் பச்சை எங்கே இருக்கும்? தை பிறக்கும் முன், மழை விட்ட இடைவெளியில் வர முடியுமா, அல்லது வெட்டிய வயலும் வைக்கோலும் போதுமா என்று கேட்டு, இரண்டுக்கும் தனித்தனியே விலை போட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.