கோர்த்த கைகள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே பெரியப்பா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். குரங்கம்மை பற்றியது. "நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வராது, பயப்படாதீங்க" என்று மேலே ஒரு வரி. கீழே வரிசையாகக் கும்பிடு.

நான் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்புளம் இல்லை, ஊசி இல்லை, டாக்டர் இல்லை. மணிக்கட்டில் தன்பால் ஈர்ப்பாளர்களின் அடையாளமான வானவில் பட்டை கட்டிய இரண்டு ஆண்களின் கைகள், கோர்த்தபடி. அவ்வளவுதான் செய்திப் படம்.

1970-இல் காங்கோவில் மனிதரிடம் முதன்முதலாக இந்த நோய் கண்டறியப்பட்டது ஓர் ஒன்பது மாதக் குழந்தைக்கு.

2022-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியபோது, நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்தான். அதை மறைக்கச் சொல்லவில்லை. தடுப்பூசி முதலில் யாருக்குப் போக வேண்டும் என்று தெரிய அது வேண்டும். ஆனால் தோலோடு தோல் உரசினால் ஒட்டுகிற கிருமி, ஆளை விசாரித்துவிட்டா ஒட்டும்?

1982-இலும் இதே கூத்து. எய்ட்ஸ் என்ற பெயர் வருவதற்கு முன் அதை ஓரினச்சேர்க்கையாளர்களின் நோய் எதிர்ப்புக் குறைபாடு என்றே சிலர் அழைத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு குழந்தைக்கும் அது வந்திருக்கலாம் என்ற தகவல் வெளியாகிவிட்டது.

தலைப்பு வைப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. கிளிக் வேண்டும், அப்புறம் என்ன.

இதைப் படித்த ஒரு பையனுக்கு நாளைக்குக் கொப்புளம் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போவானா, மெடிக்கலில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு வேலைக்குப் போவானா?