கிணற்றுத் துருவுக்கு அந்த்ரசைட் போட்ட கதை

நிலாவெளியில் எங்கள் வீட்டுக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவுடன் தெளிவாகத்தான் வரும். வாளியில் கொஞ்ச நேரம் இருந்தால் செம்மஞ்சளாகி அடியில் துரு படியும். தேத்தண்ணி போட்டால் கறுத்துப்போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் மஞ்சள்.

மணல் ஃபில்டர் ஒன்று ஏற்கனவே இருந்தது. ஆனால் பொடி மணலின் மேற்பரப்பிலேயே துரு தோல் போலப் படிந்து அடைத்துவிடும். நீர் சுத்திகரிப்பு வேலை தெரிந்த உறவினர் ஒருவர்தான், "மேலே அந்த்ரசைட் போடுங்கோ" என்றார். இது கடினமான நிலக்கரி. மணலைவிடப் பருமனான மணிகள், ஆனால் எடை குறைவு. மணலின் அடர்த்தி 2.65 என்றால் இதற்கு 1.5 அளவில்தான். அதனால் எத்தனை முறை கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாலும் மணல் கீழேயும் கரி மேலேயுமாகத் தானாகவே அடங்கிவிடும். பெரிய துரு கரிக்குள் ஆழம்வரை தங்கும், மிச்சத்தை மணல் பிடிக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

வேலைக்கு வருவோம். கரைந்திருக்கும் இரும்பை எந்தக் கரியும் சும்மா வடிக்காது. முதலில் காற்றுப்பட்டு அது துருவாக மாற வேண்டும். துளையிட்ட பைப் வழியாகத் தண்ணீரை மேல் டாங்கியில் மழையாக விழவைத்து, சில மணி நேரம் தங்கவிட்டுத்தான் ஃபில்டருக்கு அனுப்புகிறோம். அடியில் சரளைக் கல், அதன்மேல் மணல், மேலே கரி. கரியைப் போட்டதும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டோம். மணிகளுக்கிடையில் காற்று இருந்தால், கழுவும்போது நல்ல கரியும் மிதந்து வெளியே போய்விடும். காலையில் வால்வைத் திருப்பியதும் வந்த தண்ணீர் கன்னங்கரேலென்று இருந்தது. அது வெறும் கரித்தூள்தான், பயப்பட வேண்டாம். தெளியும்வரை ஓடவிட வேண்டும்.

இப்போது தேத்தண்ணி தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. வரத்து குறையும்போது கழுவுகிறோம், அவ்வளவுதான்.

சிலர் இதை ஆக்டிவேட்டட் கார்பன் என்று நினைத்துக் கேட்கிறார்கள். இல்லை, இது மணத்தையோ குளோரினையோ எடுக்காது. அடுப்புக் கரியும் இதற்கு ஈடாகாது, நொறுங்கிவிடும். கடலோரக் கிணற்று உப்பையும் கிருமியையும் இது தொடாது. குடிக்கிற தண்ணீரை நாங்கள் இன்னும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். அதனால் வாங்குவதற்கு முன் தண்ணீரைக் கொடுத்து இரும்பு, உப்பு இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் மோட்டருக்குக் கரிப்படுக்கையைத் தூக்கிக் கழுவும் வலு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.