கணுக்காலில் படிந்த துரு நிறம்

17 ஆண்டுகளாக ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் நடக்கும் மாதங்களில் காலை 9 மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால், மதியச் சாப்பாட்டு நேரம் போக, இரவு 8 மணி வரை எழுந்திருப்பதே அரிது. மாலையில் காலுறையைக் கழற்றும்போது அதன் விளிம்பு சதையில் ஆழமாகப் பதிந்திருப்பதையும், முன்னங்காலைக் கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்புவதையும் பல மாதங்கள் பார்த்திருக்கிறேன். அலைச்சலால் வந்த வீக்கம் என்றே நினைத்தேன். நான் எங்கும் அலையவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு வலது கணுக்காலின் உட்பக்கத்தில், கரண்டை எலும்புக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் செம்பழுப்புத் திட்டு ஒன்று தோன்றியது. போர்வெல் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குளியலறைத் தரையில் படியும் கறையின் நிறம் அதற்கு. இரவில் தூக்கம் கலையும் அளவுக்கு அரித்தது. படை என்று எண்ணி மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பை வாங்கித் தடவினேன். பத்து நாள் அடங்கிய அரிப்பு, பின்னர் நீர் கசியும் கரப்பானாகத் திரும்பி வந்தது. அந்தக் களிம்பில் தோலை மெலியச் செய்யும் ஸ்டீராய்டும், இத்தகைய கால்களில் எளிதில் ஒவ்வாமையை உண்டாக்கும் நியோமைசினும் கலந்திருந்தன என்பதைத் தோல் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அவர் என்னை உட்கார வைத்துப் பார்க்கவில்லை. சில நிமிடங்கள் நிற்கச் சொல்லிவிட்டு, முழங்காலிலிருந்து பாதம் வரை பார்த்தார், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பாதத்துக்கு இறங்கிய இரத்தம் சிரைகள் வழியே மேலே ஏற வேண்டுமானால், ஆடுசதை சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ள வேண்டும். தள்ளிய இரத்தம் கீழே வழியாதபடி சிரைக்குள் இருக்கும் சிறு தடுக்கிதழ்கள் மூடிக்கொள்ள வேண்டும். அசையாமல் நிற்கும்போது கணுக்காலின் சிரைகளில் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும் அழுத்தம், நல்ல நிலையிலுள்ள கால்களில் நடக்கத் தொடங்கியதும் 30-க்கும் கீழே இறங்கிவிடும். காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவருக்கு இந்த இறக்கம் கிடைப்பதில்லை. இதழ்கள் பழுதடைந்திருந்தால், தேங்கிய இரத்தத்திலிருந்து நீரோடு சிவப்பணுக்களும் நுண்குழாய்களை விட்டு வெளியே கசிகின்றன. அவை சிதைந்து விட்டுச்செல்லும் இரும்புதான் தோலில் படிந்த அந்த நிறம். குளியலறைக் கறையும் இரும்பே என்று எண்ணியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இந்நிலை நீடித்தால் தோல் தடித்து இறுகி, சிறு கீறல்கூட மாதக்கணக்கில் ஆறாப்புண்ணாக நிற்கும்.

நாள் முழுவதும் நின்றே வேலை செய்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. 2021-இல் தமிழ்நாடு அரசு, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இருக்கை கிடைத்த பின்னும் கால் அசைந்தாக வேண்டும்.

காலை இறுக்கிப் பிடித்து இரத்தம் மேலேற உதவும் அழுத்தக் காலுறையைக் கடையில் தாமாக வாங்கி அணிய வேண்டாம் என்று உறவினர் அனைவரிடமும் வற்புறுத்திச் சொல்லிவருகிறேன். நீரிழிவாலோ புகைப்பழக்கத்தாலோ தமனிகள் சுருங்கியிருப்பவரின் காலை அது மேலும் நெருக்கிப் பெருங்கேடு செய்யக்கூடும். எனக்குக் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்ட பிறகே காலுறை தந்தார்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இப்போது காலையில் படுக்கையிலிருந்து இறங்கியவுடனே, வீக்கம் தொடங்கும் முன்பே, காலுறையை அணிகிறேன். மணிக்கொரு முறை எழுந்து தண்ணீர்க் குடம் வரை நடக்கிறேன்; எழ முடியாதபோது மேசைக்கடியில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குகிறேன். இரவில் இரண்டு தலையணைகளின் மேல் கால்களை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி அரை மணி நேரம் படுக்கிறேன். அரிப்பு நின்று நான்கு மாதங்களாகின்றன. கறை முழுவதும் மறையாமலே இருக்கலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அது அந்த நாணய அளவிலேயே இருக்கிறது.